இடது கையில் மதியச் சாப்பாடு

எங்கள் வகுப்பின் மதியச் சாப்பாட்டை என் இடது கை நடத்திக்கொண்டிருந்தது. வலது கைக்குத் தேர்வு எழுதும் பொறுப்பு இருந்ததால் அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

நடைமுறை எளிது. மணி பன்னிரண்டை நெருங்கும்போது தயாளன் என் முழங்கையைப் பிடித்து மேசைமேல் மல்லாத்திப் போடுவான். பேனா மூடியின் கூரான முனையால் என் தோலில் ‘கோழி’ என்று எழுதுவான். மை கிடையாது, வெறும் கீறல்தான். முதலில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அப்புறம் சிவக்கும். ஐந்தாறு நிமிடத்தில் எழுத்து மேலே எழும்பி, பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதியதுபோலத் தடித்து நிற்கும். அவனுக்குப் பின்னால் நிற்பவர்களும் அவரவருக்கு வேண்டியதை எழுதுவார்கள். மீன், கணவாய், குழம்பு நிறைய, குழம்பே வேண்டாம். தடிப்பு அரை மணி நேரம் தாங்கும். அதற்குள் நான் மூன்று மாடி இறங்கி, சாலையைக் கடந்து, சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை வரிசையில் நின்று, கையைப் பார்த்துப் பார்த்துச் சொல்லி வாங்கி, பொட்டலங்களோடு திரும்பிவிட வேண்டும்.

ஒருமுறை வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். வரிசை நகர்வதற்குள் அமீராவின் மீன் தலை என் மணிக்கட்டிலேயே அடங்கிப்போய்விட்டது. அவளுக்கு வெண்டைக்காய்தான் கிடைத்தது. அதற்காக அவள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அதற்கு முன்னும் பேசியதில்லை என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது. ஆர்டரை அதில் அனுப்பலாம். ஆனால் கைப்பேசியில் எழுத்து வந்தால் யாரும் “வந்திருச்சு, வந்திருச்சு” என்று கத்துவதில்லை.

இது தொடங்கியது இரண்டாம் பருவத்தில். கல்லூரி என்றதும் மரங்களும் புல்வெளியும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு திரைச்சீலைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. மின்தூக்கி உண்டு, அதில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே சரக்குப் போக்குவரத்தில் டிப்ளமா படிக்கிறோம். படித்து முடித்தால் துறைமுகத்திலோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கிடங்கிலோ பெட்டிகளை எண்ணலாம். முதல் பருவம் முழுவதும் நான் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்து படித்தேன். வருகைப் பதிவின்போது “கோகுலன்” என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பி, அப்படி ஒருவன் இருக்கிறானா என்று பார்ப்பார்கள். நான் கையைத் தூக்குவேன். இருக்கிறான் என்று தெரிந்ததும் திரும்பிக்கொள்வார்கள்.

ஒரு நாள் மேசை இடுக்கில் கை உரசி நீளமாக ஒரு தடிப்பு வந்தது. முன்வரிசையில் இடமில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த தயாளன் அதைப் பார்த்துவிட்டான்.

“டேய், என்னடா இது, பாம்பு மாதிரி?”

“உரசினா இப்படித்தான் வரும்.”

“எங்க உரசினாலும்?”

“ஆமா.”

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பேனா மூடியால் என் கையில் ‘போடோ’ என்று எழுதினான். மலாயில் முட்டாள் என்று பொருள். இரண்டு பேரும் காத்திருந்தோம். எழும்பி வந்தது, அழகாக, எழுத்துப் பிழை இல்லாமல். தயாளன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து, “ஓய்! எல்லாரும் இங்க வாங்கலா!” என்று எங்கள் ஊர் ‘லா’வோடு கத்தினான். வந்தார்கள். சாரும் வந்தார். அன்றைக்கு என் கையை எத்தனை பேர் பிடித்துப் பார்த்தார்கள் என்று தெரியாது. எல்லோரும் என் பெயரைக் கேட்டார்கள். முட்டாள் என்று கையில் எழுதியிருந்தும் சரியான பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அவர்களுடைய பண்பைக் காட்டுகிறது.

அதிலிருந்து மதியம் பன்னிரண்டு மணி என்றால் எனக்கு ஒரு பொருள் வந்தது. மற்ற மணிகள் பழையபடிதான் இருந்தன. அப்பா வேலைக்காகக் குடும்பம் ஜொகூருக்குப் போய்விட்டது. சேர்ந்த படிப்பை விட வேண்டாம் என்று நான் மட்டும் பினாங்கில் தங்கினேன். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஓர் அறை. அடுத்த அறையில் ஹைதர் அண்ணன் இருக்கிறார். கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் இரவு வேலை. நான் வீடு திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார், அவர் வரும்போது நான் பேருந்தில் இருப்பேன். வாசலில் அவருடைய செருப்பு இருந்தால் ஆள் உள்ளே தூங்குகிறார், இல்லாவிட்டால் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், அவருடைய செருப்பின் அளவு எனக்குத் தெரியும், குரல் தெரியாது.

ஆகவே கையில் எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது. அதிலும் ரூபினி எழுதும்போது. அவள் தயாளனைப்போல் அழுத்த மாட்டாள். என் விரல்களைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு, ‘மீன், கத்தரிக்காய்’ என்று பொறுமையாக எழுதுவாள். எழுதி முடித்ததும் மை காயட்டும் என்று ஊதுவாள். மை இல்லை என்று நான் அவளிடம் சொன்னதில்லை.

சிக்கல் அரிப்புதான். எழுதிய இடம் அரிக்கும். சொறிந்தால் சொறிந்த இடமும் தடிக்கும், தடித்தால் அதுவும் அரிக்கும். பை வார், இடுப்பு வார், பேருந்து இருக்கையின் ஓரம், எல்லாம் என்மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். தலையணையின் தையல்கூடக் கன்னத்தில் பதிந்து காலையில் அரை மணி நேரம் இருக்கும். தூக்கம் போனது. வகுப்பில் கண் சொக்கியது. கையில் ரத்தம் வரும்வரை சொறிந்துவிட்டு ஒரு நாள் கிளினிக்குக் கிளம்பினேன்.

டாக்டர் பிரியந்தி யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வந்தவர். ஆங்கிலத்தில்தான் தொடங்குவார், நோயாளி தமிழ் என்று தெரிந்தால் யாழ்ப்பாணத்துக்கு மாறிவிடுவார். என் முதுகில் ஒரு மரக்குச்சியால் கோடு கிழித்துவிட்டுக் காத்திருந்தார். அவரும் ஆர்டர் எழுதுகிறாரோ என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது.

“ஓம், நல்லா எழும்புது” என்றார். “தோலுக்குக் கீழ சில செல்லுகள் இருக்கு தம்பி. அதுக்குள்ள ஹிஸ்டமின் எண்டு ஒரு சாமான். மற்ற ஆக்களுக்குத் தொட்டா ஒண்டும் நடக்காது. உமக்கு லேசாத் தொட்டாலே அது கொட்டிப்போடுது. உம்மட தோல் ஆர் தொட்டாலும் பெரிய விசயமா எடுக்குது.”

“ஏன் டாக்டர்?”

“கனபேருக்குக் காரணம் பிடிபடாது.”

முதலில் தூக்கம் வரவழைக்காத மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு அரிப்பு கொஞ்சம்தான் குறைந்தது, எழுத்து வந்துகொண்டுதான் இருந்தது. திரும்பிப் போனேன். இதயத்தில் ஏதும் கோளாறு உண்டா, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறேனா என்று விசாரித்தார். பிறகு ஹைட்ராக்ஸிசின் என்று எழுதினார்.

“இது பழைய குளிசை. கடையில சும்மா கேட்டு வாங்கேலாது, சீட்டு வேணும். படுக்கமுதல் ஒண்டு. நித்திரை வரும், வாய் காயும். அடுத்த நாள் காலமையும் கொஞ்சம் மந்தமா இருக்கலாம்.”

“எதுக்கெல்லாம் டாக்டர் இதைக் குடுப்பாங்க?”

“அரிப்புக்குத்தான் கூடுதலா. பதகளிப்பு, பதற்றத்துக்கும் குடுக்கிறது, கொஞ்ச நாளைக்கு. ஒப்பரேசனுக்கு முதல் பயப்பிடுற ஆக்களுக்கும் குடுப்பினம், மனுசர் அமைதியாப் போயிடுவினம்.”

“எனக்கு எதுக்குக் குடுக்கிறீங்க?”

“அரிப்புக்கு.” எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “ஏன், வேற ஏதும் இருக்கோ?”

“இல்லை” என்றேன். வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் காலில் கட்டு. அவரை வைத்துக்கொண்டு மதியம் பன்னிரண்டு மணியைப் பற்றி எப்படிப் பேசுவது?

எங்கள் நாட்டில் கிளினிக்கிலேயே மருந்தும் கொடுத்துவிடுவார்கள். சின்னப் பிளாஸ்டிக் பை, அதன்மேல் நோயின் பெயர் மலாயில். அரிப்புக்குக் ‘காத்தால்’, சளிக்குச் ‘செல்செமா’. மருந்தின் பெயரும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. நோய் போனபின் மிச்ச மாத்திரையை யாரும் எறிவதும் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இந்தப் பைகள் கிடக்கும். யாராவது தும்மினால் வீட்டுக்காரர் டின்னைத் திறந்து ‘செல்செமா’வைத் தேடி எடுத்துக் கொடுப்பார். அன்பின் அடையாளம் அது.

மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த ஹாஜரா அக்கா என் பையின்மேல் தட்டிக் காட்டினார். “தம்பி, இது காத்தால் மருந்து. சாப்பிட்டுட்டு மோட்டார் ஓட்டக் கூடாது. வேற மாத்திரையோட கலக்காத. விடணும்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு விடு. வெளங்குதா?”

“வெளங்குது அக்கா.”

“எல்லாரும் வெளங்குதுன்னுதான்லா சொல்லுவாங்க.”

அன்று போட்ட மாத்திரையில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன். காலையில் கன்னத்தில் தலையணைத் தையல் இல்லை. பை வாரின் தடம் இல்லை. தோல் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. பேருந்தில் உட்கார்ந்து, சொறியாமல் ஒரு பயணம் இவ்வளவு நீளமா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று நாளில் மாத்திரை முழுதாக வேலை செய்யத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்குத் தயாளன் கையை மல்லாத்தினான். எழுதினான். வெள்ளைக் கோடு வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். வெள்ளைக் கோடு போனது.

“என்னடா, பேட்டரி போச்சா?”

இன்னும் அழுத்தி எழுதினான். வலித்தது, ஆனால் எழும்பவில்லை. ரூபினி அவன் கையைத் தட்டிவிட்டு அவளுடைய பாணியில் எழுதிப் பார்த்தாள். ஊதியும் பார்த்தாள்.

“மருந்து சாப்பிடுறேன்” என்றேன்.

“ஓ” என்றாள். “இப்ப அரிக்கலையா?”

“இல்ல.”

“நல்லதுலா.” உண்மையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் விரல்களை விட்டாள். பிடித்துக்கொண்டிருக்க அவளுக்குக் காரணம் ஏதும் இல்லை.

அமீரா அன்றே வாட்சப்பில் ஒரு குழு திறந்தாள். முதல் நாள் அதில் ஆர்டர் போட்டார்கள், நான் போய் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் யாரோ உணவு கொண்டுவரும் செயலியில் தள்ளுபடி கிடைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன்பின் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் மூன்று மாடி ஏறி வந்து பொட்டலம் கொடுத்தார். அவரிடமும் யாரும் பேசவில்லை என்பதைக் கவனித்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நான் கடைசி வரிசைக்குத் திரும்பினேன். அரிப்பு இல்லை. நன்றாகத் தூங்கினேன். பாடங்கள் புரியத் தொடங்கின, அது இன்னொரு வேதனை. டாக்டர் சொன்ன அந்த இரண்டாவது பயனை மாத்திரை எனக்கும் செய்கிறதா என்று சில நாள் பார்த்தேன். பதற்றம் இருந்தால்தானே அது குறையும். எனக்கு இருந்தது வேறு. பன்னிரண்டு மணிக்கு முழங்கை தானாக மேசைமேல் ஏறிக்கொள்ளும். நான் அதை இறக்கி வைப்பேன்.

இந்த நிலையில் தொழில்முனைவோர் தினம் வந்தது. ஜெயராஜ் சார் எங்களுக்கு நடத்தும் பாடத்தில் குழுவாகச் சேர்ந்து ஒரு கடை போட வேண்டும், ஒரு நாள் வியாபாரம் நடத்த வேண்டும், அதற்கு மதிப்பெண். மற்ற குழுக்கள் குமிழித் தேநீர் விற்கப் போவதாகச் சொன்னார்கள். நான்கு குழு, நான்கும் குமிழித் தேநீர். தயாளன் கடைசி வரிசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் வந்தே பல நாள் ஆகியிருந்தது.

“மச்சான், நம்ம குழுவுக்கு ஒரு ஐடியா. அரை மணி நேரத்துல மறையிற பச்சை குத்தல். ஊசி இல்ல, வலி இல்ல. ஆள் வருவான், உன் கைல பேரு எழுதுவான், எழும்பும், போட்டோ எடுத்துட்டுப் போவான். யாராவது குமிழித் தேநீர் குடிப்பானா அதுக்கப்புறம்?”

“இப்ப எழும்பாதே.”

“மருந்த நிறுத்துலா. ஒரு வாரம். நம்ம குழுடா, நீ இல்லாம முடியாது.”

அவன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் யோசித்திருப்பேன். ‘நம்ம குழு’ என்று சொன்னான். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும் என்பது நினைவிருந்தது. சொன்னால் என்ன காரணம் என்று கேட்பார். கேட்டால் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்பார். சொல்லாமலே நிறுத்தினேன்.

அரிப்பு திரும்பி வந்தது. விடுமுறைக்குப் போய்ப் புத்துணர்ச்சியோடு வந்ததுபோல வந்தது. உள்ளங்காலில்கூட அரித்தது. தூக்கமில்லாமல் எழுந்து, ஹைதர் அண்ணன் செருப்பு இல்லாத வாசலைப் பார்த்துவிட்டு மறுபடி படுப்பேன். ஆனால் அந்த வாரம் தினமும் குழுக் கூட்டம் நடந்தது. தயாளன், ரூபினி, அமீரா, நான். கடைக்கு என்ன பெயர், எங்கே நாற்காலி போடுவது, முதுகையும் வாடகைக்கு விடலாமா என்றெல்லாம் பேசினோம். ரூபினி தினமும் ஒரு சின்னக் கோடு போட்டுச் சோதித்தாள். நாளுக்கு நாள் நன்றாக எழும்பியது.

“அரிக்குதா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம்.”

“பொய் சொல்லாத, கழுத்தெல்லாம் செவந்திருக்கு. நிறுத்தச் சொன்னது தப்போ என்னமோ.”

“ஒரு நாள்தானே” என்று அவசரமாகச் சொன்னேன். அவள் நல்ல மனதால் எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

தொழில்முனைவோர் தினத்தன்று கீழே ஐந்தடி நடைபாதையில் மேசைகள் போட்டிருந்தார்கள். திரைச்சீலைக் கடைக்காரர் பின்னணிக்காகப் பழைய துணிச்சுருள் ஒன்றைக் கொடுத்தார். தயாளன் அதை உதறினான். பல வருடத் தூசி என் முகத்தில் வந்து இறங்கியது. நான் தும்மத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு அல்ல, நிற்காத தும்மல். மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது.

“ஐயோ, இவன் இப்படி இருந்தா யாருடா கிட்ட வருவா?” என்றாள் அமீரா.

தயாளன் தன் பையைத் துழாவினான். கசங்கிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தான். மேலே செல்செமா என்று மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் அழிந்திருந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரைகள்.

“இந்தா, போடு. எங்கம்மா எப்பவும் பைல வச்சிருவாங்க. ரெண்டா போடு, சீக்கிரம் கேக்கும்.”

தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவனே நீட்டினான். என் முதுகில் தட்டினான். அந்தத் தட்டு சட்டைக்குள்ளே ஐந்து விரலாக எழும்பியிருக்கும். தனக்கென்று அம்மா வைத்த மருந்தை ஒருவன் எடுத்துக் கொடுக்கிறான். ஹாஜரா அக்கா சொன்னது எனக்கு நினைவே வரவில்லை, காத்தாலுக்குக் கொடுத்த மருந்தைத்தான் நான் நிறுத்திவிட்டேனே. இது செல்செமா. இரண்டையும் விழுங்கினேன்.

கடை திறந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. முதலில் வகுப்பு நண்பர்கள், அப்புறம் மற்ற துறைகள், அப்புறம் சாலையில் போனவர்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து என் வலது கையில் தங்கள் நாய்க்குட்டியின் பெயரை எழுதினார்கள். தேர்வு எழுதும் கை என்று யாரும் பார்க்கவில்லை. கழுத்தில் ஒரு தொலைபேசி எண். தயாளன் கூவி விற்றான். “வாங்க வாங்க, அரை மணி நேரத்துக்கு நிரந்தரம்!” குமிழித் தேநீர்க்காரர்கள் தங்கள் கடையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்தார்கள், எழுதினார்கள், எழும்பும்வரை என் முகத்துக்கு நேரே காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது ஏதாவது பேச வேண்டியிருக்கும் அல்லவா. எங்கே இருக்கிறேன், சாப்பிட்டேனா, ஊர் எது என்று கேட்டார்கள். எல்லாம் அரித்தது. நான் இரண்டு தொடைகளையும் இறுக்கிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தேன்.

அப்புறம் அரிப்பு குறைந்தது. மகிழ்ச்சியில் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். தும்மலும் நின்றிருந்தது. கண் இமை கனத்தது.

வரிசையின் முன்னால் நின்ற பெண் கேட்டாள், “ஏன் வரமாட்டேங்குது?”

ரூபினி குனிந்து பார்த்தாள். அந்தப் பெண் எழுதிய பெயர் வெள்ளைக் கோடாக வந்து, வந்த வழியே போய்விட்டது. தயாளன் பேனா மூடியை வாங்கி அழுத்தி ஒரு கோடு கிழித்தான். காத்திருந்தோம். வலது கையிலிருந்த நாய்க்குட்டியின் பெயரும் தணிந்துகொண்டிருந்தது. வரிசை கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றது. பின்னாலிருந்து கலையத் தொடங்கியது. குமிழித் தேநீர்க்காரர்கள் தங்கள் கடைக்கே திரும்பினார்கள், வரிசையும் அவர்களோடு போனது.

“என்னடா செஞ்ச?” என்றான் தயாளன்.

“ஒண்ணும் செய்யல.”

ரூபினி மேசைமேல் கிடந்த அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்துக் கைப்பேசி விளக்கைப் பிடித்து அழிந்த பொடி எழுத்தைப் படித்தாள். அதைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். பிறகு தயாளனைப் பார்த்தாள்.

“மூளைலா உனக்கு. இதுவும் ஆன்ட்டிஹிஸ்டமின்தான். இவன் நிறுத்துனதும் இதுவும் ஒரே குடும்பம். நிறுத்தச் சொன்னதும் நீ, குடுத்ததும் நீ.”

“அதுல செல்செமான்னுதானே போட்டிருக்கு!” தயாளன் பையைப் பிடுங்கிப் பார்த்தான். அச்சடித்தவர்கள்மேல் அவனுக்கு உண்மையான கோபம் வந்தது.

ஜெயராஜ் சார் வந்து பார்த்தார். மூலப்பொருள் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டமிட்டிருக்க வேண்டும் என்று எங்களுக்கு அறிவுரை சொன்னார். மூலப்பொருள் நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. அமீரா குமிழித் தேநீர் வாங்கப் போனாள், திரும்பி வரவில்லை.

“இவன் எப்படிப் பஸ்ல போவான்? நிக்கவே முடியல. தயா, நீயே கொண்டுபோய் விடு” என்றாள் ரூபினி. என் முன்கையைத் தொட்டு, “மறுபடி மருந்து சாப்பிடு, என்ன? இனிமே யாருக்காகவும் நிறுத்தாத” என்றாள். துணிச்சுருளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

தயாளன் தலைக்கவசத்தை என் தலையில் மாட்டி, தாடைக்கு அடியில் வாரை இழுத்துப் பூட்டினான். மோட்டாரில் அவன் பின்னால் ஏறினேன். கொஞ்ச தூரத்தில் என் தலை அவன் முதுகில் இடித்தது. சாலையோரம் நிறுத்திவிட்டான்.

“டேய், விழுந்து தொலையாத. புடிச்சுக்கோ.”

பின்னால் கையை விட்டு என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தன் வயிற்றைச் சுற்றி இழுத்தான். ஒரு கையால் அவற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டே மெதுவாக ஓட்டினான். படகுத்துறைப் பக்கம் உப்புக்காற்று அடித்தது. மாலை வெயில், வேலை முடிந்து போகிறவர்களின் நெரிசல். பாதித் தூக்கத்தில் இருந்தேன். மணிக்கட்டுகளில் அவன் பிடி இறுக்கமாக இருந்தது. அதில் எழுத ஒன்றும் இல்லை, வாங்கி வர ஒன்றும் இல்லை. நான் விழக் கூடாது என்பது மட்டும்தான். வழக்கமாக இந்நேரம் அந்த இடம் தீயாக எரிய வேண்டும். எரியவில்லை. கை கையாக மட்டும் இருந்தது.

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடியின் கீழே இறக்கிவிட்டான். மேலே நிமிர்ந்து பார்த்தான்.

“இங்கதான் இருக்கியா? எத்தனாவது மாடி?”

“பதினாலு.”

“தனியாவா?”

“அடுத்த ரூம்ல ஒரு அண்ணன் இருக்காரு. பாத்ததில்ல.”

அவன் அதற்குச் சிரித்தான். நான் நகைச்சுவையாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பான். தலைக்கவசத்தை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு, மோட்டாரைக் கிளப்பாமல் நின்றான்.

“அப்ப, மறுபடி அந்த மருந்த போடப் போறியா?”

“ஆமா. இன்னிக்கி இல்ல, உன் மாத்திரை உள்ள இருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்டப் போய்க் கேட்டுட்டுப் போடுவேன்.”

“கை எழும்பாது.”

“எழும்பாது.”

“ம்.” என் கையை ஒருமுறை பார்த்தான், விற்கப்போகும் வண்டியைப் பார்ப்பதுபோல. “சோறுதான் இப்ப வகுப்புக்கே வருதே. பரவால்ல.”

இப்போது கேட்காவிட்டால் நான் கேட்கவே போவதில்லை. தூக்கக் கலக்கம் எனக்குத் துணிச்சல் கொடுத்தது. ஒப்பரேசனுக்கு முன்னால் கொடுப்பார்களாமே, அப்படித்தான் இருக்கும்போல.

“நீங்க எப்பவாச்சும் கடைக்கே போய் உக்காந்து சாப்பிட்டா, நானும் வரலாமா?”

தயாளன் சாவியைத் திருகினான். மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்தது. அவன் ஏதோ சொன்னான், சத்தத்தில் கேட்கவில்லை. “என்ன?” என்றேன்.

“பாப்போம்லா!” என்று கத்திவிட்டு நெரிசலுக்குள் போனான்.

எங்கள் ஊரில் பாப்போம் என்றால் வருவேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. திருமணப் பத்திரிகைக்கும் அதுதான் பதில், கடன் கேட்பவனுக்கும் அதுதான் பதில். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று யோசித்தேன்.

பக்கத்தில் நின்ற ஒரு சீனத்துப் பெண்மணி என் தாடையைப் பார்க்கவில்லை. வேறு நாளாக இருந்தால் பார்த்திருப்பார், தலைக்கவச வார் கயிறுபோல ஒரு தடம் வைத்திருக்கும். கண்ணாடிக் கதவில் பார்த்தேன். சுத்தமான தாடை. இரண்டு மணிக்கட்டையும் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படகுத்துறை முழுவதும், சந்தை முழுவதும், சாலை சிக்னல்கள் முழுவதும் ஒருவன் பிடித்துக்கொண்டே வந்த இடம். ஒரு விரல் தடம் இல்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் என்றால் காட்ட எதுவும் இல்லை.

மின்தூக்கி வந்தது. உள்ளே ஏறினேன். அரிக்கவே இல்லை.